செக் என்ஜின் விளக்கு யாருக்காக எரிகிறது?

ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் என்ஜின் படம் போட்ட சின்ன மஞ்சள் விளக்கு. அது எரிந்தால் ஓட்டுபவருக்கு வயிற்றைக் கலக்கும். வண்டியோ ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு நாள் இதற்கு நேர் தலைகீழாக நடக்கும்: காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, ஏற்றத்தில் முக்கி முனகி, பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும், விளக்கு மட்டும் கம்மென்று இருக்கும். "அந்த லைட்டை எல்லாம் நம்பாதீங்க சார்" என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

அந்த விளக்கு பொய் சொல்வதில்லை என்பது என் கட்சி. நாம் கேட்கிற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை, அதுதான் சிக்கல். என்ஜின் நல்லா இருக்கா என்று நாம் கேட்கிறோம். சைலன்சர் வழியாக வெளியே போவது சட்டத்துக்குள் இருக்கிறதா என்பதற்கு அது பதில் சொல்கிறது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டது டிரைவரும் இல்லை, கார் கம்பெனியும் இல்லை. கலிஃபோர்னியா மாநில அரசு. பழைய வண்டியில் சென்சார் கோளாறு பார்க்கிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் பணம் மிச்சமாகும் என்பது என் அனுபவம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

1943 ஜூலை 26. போர்க்காலம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு பழுப்புப் புகை மூடியது. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே பலர் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்த ஒரு ஆலையின் மேல் பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள். புகை போகவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்ஸ்மிட் என்ற உயிர்வேதியியலாளர். நெதர்லாந்தில் பிறந்தவர், கால்டெக்கில் வேலை. அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர்! பழத்தின் ஆவியைப் பிரித்துப் பார்த்த அதே முறையில் ஊர்க் காற்றையும் பிரித்துப் பார்த்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடுகிற ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று காட்டினார். அந்த ஓசோனை அளக்க அவர் தரப்பில் பயன்பட்ட கருவி என்ன தெரியுமா? வளைத்து வைத்த ரப்பர் துண்டு. ஓசோன் பட்டால் ரப்பர் வெடிக்கும். எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறது, எவ்வளவு ஆழம் என்று பார்த்தால் போதும். இந்தக் கதையின் முதல் சென்சார் அந்த ரப்பர் துண்டுதான் என்று சொல்லலாம்.

கார் கம்பெனிகள் இதை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 1967-ல் கலிஃபோர்னியா தனக்கென்று ஒரு காற்று வள வாரியம் அமைத்தது. அதன் முதல் தலைவர் ஹாகன்ஸ்மிட்டேதான். 1970-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 1975-க்குள் 90 சதவீதம் குறை என்றது. முடியவே முடியாது என்று டெட்ராய்ட் புலம்பியது. கெடு தள்ளிப்போனது. என்றாலும் 1975 மாடல் வண்டிகளில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. அதில் பூசியிருக்கும் பிளாட்டினத்தை ஈயம் விஷம் போலக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது.

இங்கேதான் சென்சார் உள்ளே நுழைகிறது. முதல் கன்வெர்ட்டர்கள் இரண்டு நஞ்சைத்தான் எரித்தன. மூன்றாவதான நைட்ரஜன் ஆக்சைடு தப்பித்தது. மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்க முடியும், ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதத்தை ஒட்டியே என்ஜின் ஓட வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடினால் முதல் இரண்டும் எரியாது, காற்று கொஞ்சம் கூடினால் மூன்றாவது சிதையாது. ஜெட்டும் மிதவையும் வைத்த கார்புரேட்டரிடம் இந்தத் துல்லியத்தைக் கேட்டால் எப்படி? வெயில் ஏறினால் ஒரு கலவை, மலை ஏறினால் ஒரு கலவை என்றுதான் அது பழகியிருந்தது. ஆகவே புகைக்குழாயிலேயே ஒரு ஆளை உட்கார வைத்து, எரிந்த பிறகு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று ஓயாமல் சொல்லச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த ஆள்தான் ஆக்சிஜன் சென்சார். ஜெர்மன்காரர்கள் லாம்ப்டா சோண்ட் என்பார்கள். உள்ளே விரலில் மாட்டும் தையல் தொப்பி மாதிரி ஒரு சிர்கோனியா பீங்கான். அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால் ஆக்சிஜன் அயனிகள் அதன் வழியே நகரும். இரண்டு பக்கத்திலும் ஆக்சிஜன் அளவு வேறாக இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். வால்தர் நெர்ன்ஸ்ட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதி வைத்துவிட்டுப் போன சமன்பாடு இது. புகையில் ஆக்சிஜன் இல்லையென்றால், அதாவது ரிச், சுமார் 0.9 வோல்ட். ஆக்சிஜன் மிச்சமிருந்தால், அதாவது லீன், சுமார் 0.1 வோல்ட். நடுவில் நிதானமாக நிற்காது, சுவிட்ச் போலத் தாவும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுவதுதான் ஆரோக்கியம்.

போஷ் செய்த இந்த சென்சாரை முதலில் மாட்டி விற்றது வோல்வோ. 1976-ல், 1977 மாடலாக, கலிஃபோர்னியாவுக்குப் போன 240 வரிசை வண்டிகள். முன் கிரில்லிலேயே லாம்ப்டா சோண்ட் என்று பட்டயம் குத்தி அனுப்பினார்கள், அவ்வளவு பெருமை. இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. அந்த வண்டியின் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் மின்னணு முறை இல்லை, கே-ஜெட்ரானிக் என்ற இயந்திர முறை. சென்சார் சொல்வதைக் கேட்டு ஒரு வால்வு துடித்துத் துடித்து எரிபொருள் அழுத்தத்தை மாற்றும். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் இருந்தது. கோளாறு வந்தால் எரிவதல்ல. குறிப்பிட்ட மைல் ஓடியதும் எரியும், சென்சாரை மாற்று என்று அர்த்தம். சென்சார் செத்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கும் அறிவு அப்போது வண்டிக்கு இல்லை. நாள் கணக்குத்தான் தெரியும்.

மின்னணு இன்ஜெக்‌ஷன் இதற்கு முன்பே வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1958 மாடலில் கிரைஸ்லர் குழுமத்தின் சில கார்களில் பெண்டிக்ஸ் கம்பெனியின் எலெக்ட்ரோஜெக்டர் வந்தது. மொத்தமே சுமார் 35 வண்டிகள். பெரும்பாலானவை சீக்கிரமே பட்டறைக்குத் திரும்பி கார்புரேட்டர் மாட்டிக்கொண்டன. அந்தக் காப்புரிமைகளின் வழியில் போஷ் 1967-ல் டி-ஜெட்ரானிக்கைக் கொண்டுவந்தது. அமெரிக்கா போன ஃபோக்ஸ்வாகன் 1600-ல் முதலில் வந்தது. 'டி' என்றால் ஜெர்மனில் அழுத்தம். இன்டேக் மேனிஃபோல்டில் எவ்வளவு வெற்றிடம் என்பதை, பாரோமீட்டரில் இருப்பது போன்ற உலோகச் செப்பு ஒன்று விரிந்து சுருங்கிச் சொல்லும். 1970-களில் வந்த எல்-ஜெட்ரானிக் காற்றையே அளந்தது: ஒரு மடல், அதன் கீழே கரிப்பாதையில் உரசிக்கொண்டே ஓடும் ஒரு தொடுமுனை. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி கரி தேய்ந்துவிடும். அந்த ஒரு வேகத்தில் மட்டும் வண்டி குலுங்கும். அடுத்து வந்த எல்ஹெச்-ஜெட்ரானிக்கில் மடல் போய் சூடான பிளாட்டினக் கம்பி. காற்று கம்பியைக் குளிர்விக்கிறது. அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதே காற்றின் அளவு. கம்பியில் அழுக்குப் படிந்தால் கணக்கு கெடும் அல்லவா? அதற்காக வண்டியை அணைத்த பிறகு ஒரு நொடி கம்பியை ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கி அழுக்கை எரித்துவிடுவார்கள். அழகான ஏற்பாடு. இந்த எரிப்புச் சுற்று வேலை செய்யாமல் போனால் எந்த விளக்கும் எரியாது. கம்பி மெல்ல மெல்லத் தப்புக் கணக்குச் சொல்ல ஆரம்பிக்கும்.

இந்த வண்டிகளில் கோளாறு பார்ப்பது என்றால் வயரிங் படம், மல்டிமீட்டர், பொறுமை மூன்றும்தான். கூலன்ட் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக ஆக மின்தடை குறையும் ஒரு மணி அது. போஷ் வகையில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். ஒரு குவளை வெந்நீர், ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் வீட்டு அடுப்படியிலேயே சோதித்துவிடலாம். ஜப்பானிய வண்டிகளில் பலவும் ஏறக்குறைய இதே அளவுதான்.

வண்டி தன் நோயைத் தானே சொல்லும் கலை பெரிய அளவில் வந்தது ஜெனரல் மோட்டார்ஸில். 1981-ல் அமெரிக்காவில் விற்ற அதன் பெட்ரோல் கார்களில் எல்லாம் ஒரு கணினி, ஒரு ஆக்சிஜன் சென்சார், டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சாக்கெட். அந்த சாக்கெட்டின் பெயரைக் கவனியுங்கள்: அசெம்பிளி லைன் இணைப்பு. தொழிற்சாலையில் வண்டி வரிசையை விட்டு இறங்குமுன் சோதிக்க வைத்தது. ஷெட்டில் குனிந்து பார்க்கப்போகும் மெக்கானிக்குக்காக வைத்ததில்லை. ஆனால் அந்த சாக்கெட்டில் இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் விளக்கு கண்சிமிட்ட ஆரம்பிக்கும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல்: 12. மூன்று முறை 12 சொல்லிவிட்டு, நினைவில் இருக்கும் கோளாறு எண்களைச் சொல்லும். 13 என்றால் ஆக்சிஜன் சென்சார், 44 என்றால் லீன், 45 என்றால் ரிச். பேப்பர் கிளிப் ஒன்று போதும் என்று ஊரெல்லாம் தெரிந்துபோயிற்று.

மற்ற கம்பெனிகள் ஆளுக்கொரு பாஷை. டொயோட்டாவில் என்ஜின் அறைப் பெட்டியில் இரண்டு முனை இணைக்க வேண்டும். ஹோண்டாவில் கார்ப்பெட்டைத் தூக்கினால் கணினியின் மேலேயே ஒரு சிவப்புப் பொட்டு மின்னும். கிரைஸ்லரில் சாவியை ஐந்து நொடிக்குள் ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் செய்ய வேண்டும். ஃபோர்டில் பழைய முள் வோல்ட்மீட்டரை மாட்டி முள் எத்தனை தடவை எகிறுகிறது என்று எண்ணுவார்கள். ஒரு கம்பெனியின் 14 இன்னொரு கம்பெனியில் வேறு நோய். கம்பெனி டீலருக்கு இது வசதி. தெருமுனை மெக்கானிக்குக்குத் தலைவலி.

கலிஃபோர்னியா 1988 மாடலிலிருந்து இந்தத் தன்பரிசோதனையைச் சட்டமாக்கியது. பின்னாளில் ஓபிடி-1 என்று பெயர் வந்தது. அதன் பலவீனம் பெரியது. பெரும்பாலும் வயர் அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்றுதான் பார்த்தது. இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன புதிருக்கு வரலாம். கூலன்ட் சென்சார் வயர் அறுந்தால் கணினிக்கு உடனே தெரியும். விளக்கை எரிய விட்டு, பல வண்டிகளில், என்ஜின் சூடாக இருப்பதாகத் தானே ஒரு அளவை வைத்துக்கொண்டு ஓட்டும். சூடான வண்டியில் வித்தியாசமே தெரியாது: விளக்கு உண்டு, நோய் இல்லை. ஆனால் சென்சார் அறுந்துபோகாமல் கிழடுதட்டி, 80 டிகிரியில் இருக்கும்போது 20 டிகிரி என்று சொன்னால்? 20 டிகிரி என்பது நடக்கக்கூடிய அளவுதானே. கணினி நம்பிவிடும். நாள் முழுக்க குளிர்கால சோக் போட்ட மாதிரி பெட்ரோலைக் கொட்டும். நோய் உண்டு, விளக்கு இல்லை.

இதைச் சரிசெய்ய வந்தது ஓபிடி-2. 1994-ல் தொடங்கி, 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களுக்கும் கட்டாயம். 16 முனை சாக்கெட், எல்லாருக்கும் பொதுவான எண்கள்: பி0171 என்றால் எந்தக் கம்பெனி வண்டியிலும் கலவை லீன். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு ஆக்சிஜன் சென்சார் வந்தது. முன்னது ஆட, பின்னது அமைதியாக இருந்தால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது, இரண்டும் சேர்ந்து ஆடினால் பி0420. கிராங்க் சுழல்வதில் நூலளவு தயக்கம் வந்தால்கூட மிஸ்ஸிங் என்று பிடித்துவிடும். எப்போது விளக்கு எரிய வேண்டும் என்பதற்கும் ஒரு அளவுகோல்: பொதுவாக, புகை சட்ட வரம்பைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டும் நிலை. பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் அமெரிக்க வண்டியில் செக் என்ஜின் எரிகிறதே, என்ஜினுக்கும் மூடிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பார்கள். என்ஜினுக்குச் சம்பந்தமில்லை, லாஸ் ஏஞ்சலஸ் வெயிலுக்குச் சம்பந்தம் உண்டு. டாங்கிலிருந்து ஆவியாகிற பெட்ரோலும் ஹைட்ரோகார்பன்தானே.

அதே சமயம் 1990-ல் திருத்திய தூய காற்றுச் சட்டம் இன்னொன்றும் சொன்னது: இந்தத் தகவலைப் படிக்கத் தேவையானவற்றை, கார் பழுது பார்க்கும் யாருக்கும் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும். காற்றைக் காக்க வந்த சட்டம், போகிற போக்கில் ஷெட் மெக்கானிக்குக்கும் ஒரு உரிமையைக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த உரிமை தானாக நிலைக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்கெடுப்பு வரைக்கும் போய் இதை உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். அம்பாசடரிலும் பத்மினியிலும் தொழில் கற்ற தலைமுறைக்கு சென்சார் என்பதே கிடையாது. காது, மூக்கு, பிளக்கின் நிறம். 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது, ஈயமில்லா பெட்ரோலும் அங்கே வந்தது. விற்ற கார்களில் பெரும்பாலானவை அப்போதும் கார்புரேட்டர்தான். அதாவது கன்வெர்ட்டர் உண்டு, அதைக் காப்பாற்ற வேண்டிய சென்சார் கிடையாது. போதாக்குறைக்கு நகரத்தை விட்டு வெளியூர் போனால் ஈயமில்லா பெட்ரோல் எல்லா பங்க்கிலும் கிடைக்காது. மெட்ராஸில் வாங்கிய காரில் சொந்த ஊருக்குப் போய் ஈயப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தவர்களின் கன்வெர்ட்டர்கள் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில்தான்.

1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ, தொடக்கத்திலிருந்தே எம்பிஎஃப்ஐ என்ற இன்ஜெக்‌ஷனோடு வந்தது. 1999 ஏப்ரல் 29 அன்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்தில் ஜூன் முதல் யூரோ-1, 2000 ஏப்ரல் முதல் யூரோ-2 என்று உத்தரவிட்டது. சென்னைக்கு அந்த இரண்டாம் நிலை 2001 ஜூலையில் வந்தது. கார்புரேட்டரின் கதை அத்தோடு முடிந்தது. விளம்பரங்களில் எம்பிஎஃப்ஐ என்ற நான்கு எழுத்து மந்திரம் போல ஒலித்ததும், வண்டியின் பின்னால் ஸ்டிக்கராக ஒட்டி விற்றதும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் இந்தியாவில் ஓபிடி சட்டமானது பாரத் ஸ்டேஜ்-4 உடன், 2010-ல். முழு அளவில் 2013-ல். ஆக, சுமாராக 1998 முதல் 2010 வரை ஒரு தலைமுறை கார்கள் இங்கே சென்சாரோடு விற்கப்பட்டன, ஆனால் சென்சார் சொல்வதை எந்தப் பாஷையில் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லாமல். சிலவற்றில் 16 முனை சாக்கெட் இருக்கும், உள்ளே பேசுவது கம்பெனி பாஷையாக இருக்கும். சிலவற்றில் அதுவும் இல்லை, பேப்பர் கிளிப்தான். இன்று பழைய வண்டி என்று நாம் வைத்துக்கொண்டு அல்லாடுவது பெரும்பாலும் இந்தத் தலைமுறையைத்தான்.

என்னிடம் இருப்பதும் அதில் ஒன்று. போன வருஷம் மைலேஜ் சரிந்தது, ஐடிலிங்கில் பெட்ரோல் வாடை, விளக்கும் எரிந்தது. ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் கோடு பார்த்து, ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, புதுசு போடணும் என்று ஒரு தொகை சொன்னார்கள். வயிற்றெரிச்சலோடு வெளியே வந்து, அம்பாசடர் காலத்திலிருந்து ஷெட் நடத்தும் ஒரு மேஸ்திரியிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர். அவர் கோடைக் கேட்டுவிட்டு முதலில் செய்தது, பிளக்கைக் கழற்றியது. நாலும் கரி.

"சென்சார் என்ன சொல்லுது? லீன். பிளக் என்ன சொல்லுது? ரிச். ரெண்டுல யாரு பொய் சொல்றாங்க, சொல்லுங்க தம்பி" என்றார்.

சென்சார் வயரில் மல்டிமீட்டர் வைத்தார். ஐடிலிங்கில் 0.1 வோல்ட், அசையவில்லை. ஆக்சிலேட்டரைக் கொடுத்து 2500-க்கு மேல் கொண்டுபோனார். 0.8-க்கு ஏறி ஆட ஆரம்பித்தது. காலை எடுத்ததும் திரும்ப 0.1. "செத்த சென்சார் இப்படிக் குதிக்காது" என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லி, மறுநாள் காலை குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்தார். டிக் டிக் என்று ஒரு சத்தம். ஐந்து நிமிஷத்தில் சூடானதும் சத்தம் போய்விட்டது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட், கடைசி சிலிண்டர் பக்கம், ஓரத்தில் கரி படிந்து கோடு போட்டிருந்தது.

நடந்தது இதுதான். புகை ஒரே சீராக வெளியே போவதில்லை, துடிப்பு துடிப்பாகப் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு ஒரு கணம் குழாயில் உறிஞ்சல் இருக்கும். சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் அந்தக் கணத்தில் வெளிக்காற்று உள்ளே வரும். சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, ஆக்சிஜனை மட்டுமே அளக்கிறது. ஆக்சிஜன் வந்தது, லீன் என்று சொன்னது. கணினி கூடுதல் பெட்ரோல் கொடுத்தது. ஆக்சிஜன் குறையவில்லை, இன்னும் கொடுத்தது. பிளக் கரியானது. வேகம் கூடினால் புகையின் ஓட்டம் அதிகம், உறிஞ்சலுக்கு இடமில்லை, சென்சார் சரியாகப் பேசியது. சென்சாரும் பொய் சொல்லவில்லை, பிளக்கும் பொய் சொல்லவில்லை. கேஸ்கெட் மாற்றினார். துருப்பிடித்த ஒரு ஸ்டட் உடைந்து, அதைக் கழற்றத்தான் அரை நாள் ஆனது. பழைய சென்சார் அப்படியே இருக்கிறது.

ஓபிடி-2 வண்டியாக இருந்திருந்தாலும் இதே பி0171-தான் வந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்டேக் ஹோஸ் வெடிப்பு, பெட்ரோல் பம்ப் தளர்ச்சி, அழுக்கான காற்று சென்சார், எக்ஸாஸ்ட் ஓட்டை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண். ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் வெளியே வந்து லீன் போலத்தான் காட்டும். ஜுரத்துக்கு தெர்மாமீட்டரை மாற்றுவார்களா யாராவது? கோடு வந்தவுடன் சென்சாரை மாற்றுவது அந்த வகைதான், ஆனாலும் ஊரெல்லாம் நடக்கிறது. எண்ணைப் படிப்பதற்குக் கருவி வந்த வேகத்தில், எண்ணுக்குப் பின்னால் போய்ப் பார்க்கும் பழக்கம் வரவில்லை.

கருவி எப்படி இவ்வளவு மலிந்தது என்பதும் ஒரு கதை. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சிறு கம்பெனி, ஓபிடி பாஷைகளை மொழிபெயர்க்கும் இஎல்எம்327 என்ற சில்லைச் செய்தது. முதல் பதிப்பில் உள்ளே இருந்த நிரலுக்குப் பூட்டுப் போடவில்லை. நகலெடுத்துவிட்டார்கள். இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை அந்தச் சில்லின் நகல்கள் அல்லது நகலின் நகல்கள். செல்போனில் ஆக்சிஜன் சென்சார் ஆடுவதை வரைபடமாகவே பார்க்கலாம். 2013-க்குப் பிந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

அந்த இடைக்காலத்து வண்டிகளோடு இது பல சமயம் பேசாது. அவற்றுக்கு இன்றும் மேஸ்திரியின் ஷெட்டில் ஆணியில் மாட்டிய ஒரு நோட்டுதான். எந்த வண்டியில் எந்த முனையை எதனோடு இணைக்க வேண்டும், எத்தனை சிமிட்டலுக்கு என்ன அர்த்தம், எந்த ஃபியூஸைப் பிடுங்கினால் நினைவு அழியும் என்று பதினைந்து வருஷமாக எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்து மாறி மாறி வருகிறது. வேலை கற்றுக்கொண்ட பையன்கள் எழுதியதாம். கூலன்ட் சென்சாரின் ஓம் கணக்கு மட்டும் நோட்டில் இல்லை. அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி, அழியாமல் இருக்க மேலே வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறார்.